விமானத்தில் ஒரு மணி நேரம்: முஸாஃபிரின் தொழுகை

“ஹஜ்ரத், திருச்சியில் விமானம் ஏறினால் ஒரு மணி நேரத்தில் சென்னையில் இறங்கிவிடுகிறோம். மூன்று நாள் ஒட்டகத்தில் போனவர்களுக்கு அல்லவா கஸ்ர்? களைப்பே இல்லாத எங்களுக்கு அந்தச் சலுகை எதற்கு?”

அரும்பாவூர்ப் பக்கத்தில் இப்படிக் கேட்பவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். முன்னெல்லாம் சென்னைப் பிரயாணம் என்றால் இரவு பஸ், அல்லது அரியலூருக்கோ திருச்சிக்கோ போய் ரயில். இன்று வியாபாரத்திற்காகவும் வைத்தியத்திற்காகவும் அவசரமாகப் போகிறவர்கள் விமானத்தை நாடுகிறார்கள். இக்கேள்வியைக் கேட்பவர் பேணுதலால் கேட்கிறார். நான்கு ரகஅத்தை இரண்டாகக் குறைக்க அவருக்கு மனம் வரவில்லை. அந்தப் பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆனால் இதே எண்ணத்திற்கு வேறொரு முகமும் உண்டு. ஒரு மணி நேரம்தானே, போய் இறங்கித் தொழுதுகொள்ளலாம் என்று கிளம்பி, வரிசை வரிசையாக நின்று, மஃரிபை ஆகாயத்தில் தொலைத்துவிட்டு இறங்குகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள். இரு சாராரும் கடிகாரத்தையே பார்க்கிறார்கள். ஷரீஅத் பார்ப்பதோ தூரத்தை.

கடிகாரம் இவ்விஷயத்தில் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். திருச்சி விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் நேர்க்கோட்டில் சுமார் 293 கிலோமீட்டர். விமானம் எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு மணியை ஒட்டியது. திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு 2025 மார்ச் 30-ல் விமானப் போக்குவரத்து தொடங்கியது. அந்தத் தூரம் சுமார் 184 கிலோமீட்டர்தான். அதற்கும் அட்டவணையில் ஒரு மணி நேரம். திருச்சியிலிருந்து கொழும்புக்குரிய கட்டுநாயக்கா சுமார் 417 கிலோமீட்டர். அதற்கும் ஏறக்குறைய ஒரு மணி நேரமே. ஒன்றுக்கொன்று இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசமுள்ள தூரங்கள் ஒரே நேரத்தில் அடங்குவானேன்? விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், மேலே ஏறுவதும், இறங்கும் முன் வட்டமிட்டு வேகம் தணிப்பதும் எல்லாப் பிரயாணத்திற்கும் பொதுவானவை. குறுந்தூரத்தில் இவையே பாதி நேரத்தைத் தின்றுவிடும். அதோடு சுழல்விசிறி வைத்த ஏ.டி.ஆர் விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் அளவிலும், ஜெட் விமானம் 800-க்கு மேலும் பறக்கும். ஆகவே “ஒரு மணி நேரம்” என்பது தூரத்தின் அளவுகோல் ஆகாது. இன்று ஒரு விமானத்தில் ஏறினால் முஸாஃபிர், நாளை வேகமான விமானத்தில் ஏறினால் முகீம் என்று சட்டம் அமையுமானால், தொழுகிறவன் ஒவ்வொரு முறையும் விமானியிடம் போய் விசாரிக்க வேண்டியிருக்கும்!

இனி ஷரீஅத்தின் அளவைக் காண்போம். ஹனஃபி மத்ஹபில் மூல அளவு மூன்று நாள் பிரயாணம். மூன்று நாள் என்றால் இரவு பகலாக ஓடுவதன்று. வருடத்தின் மிகக் குறுகிய பகல்களில், காலையிலிருந்து நண்பகல்வரை நடுத்தர நடையில் சென்று, பிறகு இளைப்பாறும் முறை. இதை நம் நாட்டு உலமாக்களில் பெரும்பாலோர் 48 மைல் என்று வரையறுத்தார்கள். கிலோமீட்டர் கணக்கில் 77-க்குச் சற்று அதிகம். 92 கிலோமீட்டர் என்று தீர்ப்பளிக்கும் உலமாக்களும் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா, அதாவது 16 ஃபர்ஸக். இப்னு உமர் (ரலி), இப்னு அப்பாஸ் (ரலி) ஆகியோர் இந்தத் தூரத்தில் தொழுகையைச் சுருக்கினார்கள், நோன்பை விட்டார்கள் என்று ரிவாயத் உள்ளது. இன்றைய கணக்கில் அது 80 கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும்; இதைவிடக் கூட்டிச் சொல்வோரும் இருக்கிறார்கள். எந்தக் கணக்கை எடுத்தாலும் அரும்பாவூரிலிருந்து சென்னை அதைப் பல மடங்கு தாண்டியது. அதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை.

“மூன்று நாள் என்றுதானே கிதாபில் இருக்கிறது, நாங்கள் ஒரு நாள்கூட ஆகாமல் போகிறோமே?” என்பதற்கு ஃபுகஹாக்கள் விமானம் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டார்கள். ஹிஜ்ரி 676-ல் (கி.பி. 1277) வஃபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் கிதாபு. கடல் பிரயாணமும் தரைப் பிரயாணத்தைப் போன்றதே. அத்தனை மைல்களையும் ஒருவர் கடலில் ஒரே மணிப் பொழுதில் கடந்துவிட்டாலும் கஸ்ர் செய்வார் என்பது அதில் உள்ள சட்டம். பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில் இருந்துகொண்டு இதை எழுதினார்கள்! ஹனஃபி கிதாபுகளிலும், மூன்று நாள் தூரத்தை வேகமாகச் சென்று இரண்டே நாளில் அடைந்தாலும் கஸ்ருதான் என்று காணப்படுகிறது.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஹிஜ்ரி 861-ல் வஃபாத்தான இமாம் இப்னுல் ஹுமாம் (ரஹ்) அவர்கள் ‘ஃபத்ஹுல் கதீரில்’ ஒரு ஐயத்தை எழுப்பியிருக்கிறார்கள். கராமத்துடைய ஒரு வலியுல்லாஹ் அந்தத் தூரத்தைக் கணப்பொழுதில் கடந்துவிட்டால் அவருக்கும் கஸ்ரா? சிரமம் ஏற்படக்கூடிய நிலையே அங்கு இல்லையே என்பது அவர்களின் கருத்து. ஆகவே இன்று நம் இளைஞர் கேட்பது அறியாமைக் கேள்வி அல்ல. பெரிய இமாம் ஒருவரின் சிந்தனையில் எழுந்த கேள்விதான். ஆயினும் இரண்டிற்கும் வித்தியாசம் உண்டு. விமானப் பிரயாணி கணப்பொழுதில் போய்விடுவதில்லை. வீட்டை விட்டுக் கிளம்பி, வாகனம் மாறி, காத்திருந்து, அந்நிய ஊரில் இறங்குகிறான். சிரமம் எவ்வளவு என்று ஒவ்வொருவரிடமும் நிறுத்துப் பார்க்க முடியாது என்பதால்தான் ஷரீஅத் பிரயாணத்தையே காரணமாக வைத்தது. பல்லக்கில் போன அரசனும், பின்னால் நடந்த சுமைக்கூலியும் கஸ்ரில் சமமாகவே இருந்தார்கள். இக்கால உலமாக்கள் ரயிலுக்கும் விமானத்திற்கும் இவ்வாறே தீர்ப்பளிக்கிறார்கள்.

இதற்கு வலுவான ஆதாரம் ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஹதீஸ். குர்ஆனில் கஸ்ரைச் சொல்லும் ஆயத்து (அன்னிஸா 101) எதிரிகளின் அச்சத்தோடு சேர்த்தே அதைக் கூறுகிறது. அச்சம் நீங்கி மக்கள் நிம்மதி பெற்ற பிறகு இது எதற்கு என்று யஃலா இப்னு உமய்யா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். எனக்கும் இதே வியப்பு ஏற்பட்டு ரசூலுல்லாஹி (ஸல்) அவர்களிடம் கேட்டேன். இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கூறினார்கள் என உமர் (ரலி) பதிலளித்தார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. காரணம் நீங்கினாலும் கொடை நீங்கவில்லை. எனவே ஹனஃபிகளுக்கு லுஹர், அஸர், இஷா ஆகியவற்றை இரண்டாகத் தொழுவது வாஜிபு. களைப்பில்லை என்று நான்காகத் தொழுவது பேணுதல் ஆகாது. ஷாஃபிஈகளுக்கு அது அனுமதி. சுபுஹுக்கும் மஃரிபுக்கும் கஸ்ர் இல்லை என்பதைச் சிறுவர்களும் அறிவர்.

பிரயாணம் எங்கே தொடங்குகிறது? பலர் விமானம் தரையை விட்டு எழும்போதுதான் என்று எண்ணியிருக்கிறார்கள். அப்படியன்று. ஊரின் கட்டடங்களைத் தாண்டியதுமே தொடங்கிவிடும். ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் மதீனாவில் லுஹரை நான்காகவும், துல்ஹுலைஃபாவில் அஸரை இரண்டாகவும் தொழுதார்கள் என்று அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். துல்ஹுலைஃபா மதீனாவுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் நாடிச் சென்றது மக்கா. ஆக, சென்னைக்கு நிய்யத் வைத்துக் கிளம்பிய அரும்பாவூர்க்காரர், பெரம்பலூரில் இறங்கித் தொழுதாலும் அவருக்கு இரண்டே. திருச்சி விமான நிலையத்திலும் இரண்டே. அவர் பக்கத்திலேயே நின்று தொழும் திருச்சி நகரவாசிக்கோ அது சொந்த ஊர். விமான நிலையம் நகரத்தோடு சேர்ந்தது. அவர் கையிலும் அதே விமானத்தின் போர்டிங் பாஸ்தான் இருக்கிறது. ஆனால் அவர் நான்கு தொழ வேண்டும். இந்த நகரவாசி இமாமாக நின்றால் நம்மவரும் அவரைப் பின்பற்றி நான்கு தொழ வேண்டும். நம்மவர் இமாமானால் இரண்டில் ஸலாம் கொடுப்பார். நகரவாசி எழுந்து மீதியைப் பூர்த்தி செய்வார்.

வழியனுப்பப் போகிறவர்களின் கதை வேறு. அவர்கள் விமான நிலையத்தோடு திரும்பிவிடுவார்கள். அதுவரையுள்ள தூரமே அவர்களுக்குக் கணக்கு. பெரம்பலூர் நகரத்திலிருந்து வழியனுப்ப வருகிறவருக்கு அது 77-ஐ எட்டாது. முழுமையாகத் தொழ வேண்டும். அரும்பாவூரிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் 70-க்குள் அடங்கும். பெரம்பலூர் வழியாகச் சாலையில் போனால் 80-ஐத் தாண்டும். நாம் போகும் சாலையே கணக்கு. பறவை போகும் கோடு அன்று. ஓர் ஊருக்கு நீளமும் குறுகலுமாக இரு வழிகள் இருந்தால், எவ்வழியில் செல்கிறாரோ அதன் தூரத்தையே ஹனஃபிகள் பார்க்கிறார்கள். ஷாஃபிஈகளோ, நீள வழியில் போவதற்குப் பாதுகாப்பு, சௌகரியம் போன்ற ஒரு நோக்கம் இருக்க வேண்டும் என்கிறார்கள். கஸ்ருக்காகவே சுற்றிப் போகக் கூடாது. ஊர் எல்லையிலிருந்து உங்கள் வண்டியின் மீட்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லையை ஒட்டி ஐயம் வந்தால் முழுமையாகத் தொழுவதே அசல்.

இப்போது வக்து தவறும் விஷயத்திற்கு வருவோம். நம் வீடுகளில் அதிகக் கவனம் தேவைப்படுவது இதில்தான். விமானம் ஒரு மணி நேரம் பறக்கிறது என்பது உண்மை. ஆனால் அரும்பாவூரில் வாசலைத் தாண்டியதிலிருந்து எண்ணிப் பாருங்கள். சாலையில் இரண்டு மணி நேரம்; பெட்டி கொடுக்கவும் பாதுகாப்புச் சோதனைக்கும் ஒன்றரை மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும்; பறப்பது ஒரு மணி; இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. ஆகக்கூடி ஐந்து மணி நேரம். திருச்சியிலிருந்து வைகை எக்ஸ்பிரஸும் இதே அளவு நேரத்தில்தான் சென்னையை அடைகிறது! இந்த ஐந்து மணி நேரத்தில் தொழுகை வக்துகள் குறுக்கே வரக்கூடும். அதை வீட்டிலிருக்கும்போதே கணக்கிட்டுவிட வேண்டும்.

லுஹர், அஸர், இஷா மூன்றுக்கும் வக்து விசாலமானது. ஏறுமுன்போ இறங்கியோ தொழலாம். ஆபத்து மஃரிபிலும் சுபுஹிலும் இருக்கிறது. நம் பகுதியில் மஃரிபின் வக்து ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சூரியன் மறைவதற்குப் பத்து நிமிடம் முன்பு விமானம் புறப்பட்டால், தரையைத் தொடும்போது மறைந்து ஐம்பது நிமிடம் ஆகியிருக்கும். கதவு திறந்து, படியிறங்கி, உள்ளே வருவதற்குள் இன்னும் பத்து நிமிடம் போய்விடும். மீதியுள்ள கால் மணியில் ஒளூச் செய்து தொழ வேண்டும். பெட்டிக்காக நின்றால் மஃரிப் போயிற்று. அத்தகைய பிரயாணத்தில் ஒளூவோடு ஏறி, இறங்கியதும் பெட்டியை நினைக்காமல் முதலில் தொழுதுவிட வேண்டும். முடிந்தவர்கள் வேறு நேரத்து விமானத்தைத் தேர்ந்துகொள்வதே நல்லது. டிக்கெட் எடுக்கும்போது கட்டணத்தைப் பார்க்கிற கண் வக்தையும் ஒருமுறை பார்க்கட்டும்.

ஷாஃபிஈகளுக்கு இங்கே ஜம்உ என்னும் சௌகரியம் உண்டு. மஃரிபின் வக்து முடியுமுன் “இதை இஷாவோடு சேர்த்துத் தொழுவேன்” என்று நிய்யத் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் இரண்டையும் தொழுது முடிக்கும்வரை அவர் பிரயாணியாக இருக்க வேண்டும். சென்னையையே சொந்த ஊராகக் கொண்டவர் திரும்பி வரும்போது, மீனம்பாக்கத்தில் இறங்கியதுமே பிரயாணம் முடிந்துவிடுவதால் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அரஃபா, முஸ்தலிஃபா தவிர வேறெங்கும் ஜம்உ கிடையாது. லுஹரை அதன் கடைசியிலும் அஸரை அதன் ஆரம்பத்திலும் தொழுது, பார்வைக்குச் சேர்த்ததுபோல் ஆக்கிக்கொள்ளலாம், அவ்வளவே.

வக்து உள்ளேயே முடிந்துவிடும் என்று உறுதியானால் விமானத்திலேயே தொழ வேண்டும். பணியாளர்களிடம் பணிவாகக் கேட்டால் பின்பக்கத்தில் நிற்க இடம் கொடுப்பதுண்டு. நின்று, கிப்லாவை முன்னோக்கித் தொழுவது ஃபர்ளு. நம் பகுதியில் கிப்லா நேர் மேற்கன்று. மேற்கிலிருந்து வடக்கே சுமார் 21 பாகை சாய்ந்தது. திருச்சியிலிருந்து சென்னைக்கு விமானம் வடகிழக்காகப் பறக்கிறது. ஆகவே மூக்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு கிப்லா ஏறக்குறைய இடக்கைப் பக்கம், சற்றே பின்தள்ளி இருக்கும். திரும்பி வரும்போது வலக்கைப் பக்கம், சற்றே முன்தள்ளி. யாழ்ப்பாணம் போகிறவருக்கு ஏறக்குறைய வால் பக்கமே கிப்லா. வார்ப்பட்டை கட்டிய நிலையில் எழ விடவில்லையானால், வக்தின் கண்ணியத்திற்காக உட்கார்ந்து சைகையால் தொழுதுவிட்டு, இறங்கியபின் அதை மீட்டித் தொழ வேண்டும். சைகைத் தொழுகையோடு விட்டுவிடுவது பேணுதலுக்கு மாற்றம்.

நோன்பாளி ஒரு விஷயத்தை அறிந்துகொள்ள வேண்டும். உயரத்திலிருப்பவனுக்கு சூரியன் தாமதமாக மறையும். 5,000 மீட்டர் உயரத்தில் சுமார் எட்டு நிமிடமும், 10,000 மீட்டரில் சுமார் பன்னிரண்டு நிமிடமும் கூடுதலாகச் சூரியன் தெரியும். ஜன்னலில் சூரியனைப் பார்த்துக்கொண்டே, கையிலுள்ள திருச்சிக் காலண்டரைப் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது. தன் கண்ணுக்கு மறைந்த பிறகே திறக்க வேண்டும். தரையில் மறைந்ததை அறிந்து நோன்பு திறந்துவிட்டு, பிறகு மேலே ஏறியதும் சூரியன் மீண்டும் தெரிந்தால் நோன்புக்குக் குறைவில்லை என்பது இக்கால உலமாக்கள் பெரும்பாலோரின் தீர்ப்பு. சென்னையில் இறங்கிவிட்டால் சென்னை நேரமே. அங்கு சூரியன் திருச்சியைவிட முன்னதாக மறையும்: ஜூன் மாதத்தில் இரண்டு நிமிடம், டிசம்பரில் பத்து நிமிடம் அளவுக்கு வித்தியாசப்படும்.

வெள்ளிக்கிழமை பிரயாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முஸாஃபிர் மீது ஜும்ஆ கடமையில்லை. ஆனால் சுபுஹு வக்து வந்தபின் ஜும்ஆவை விட்டுக் கிளம்புவதை ஷாஃபிஈகள் தடுக்கிறார்கள். வழியில் ஜும்ஆ கிடைக்கும் என்றால் தடையில்லை.

பெண்மக்களின் பிரயாணமும் இந்தத் தூரத்தோடுதான் கட்டப்பட்டிருக்கிறது. “அத்தா திருச்சியில் ஏற்றிவிடுகிறார், அண்ணன் சென்னையில் வந்து அழைத்துக்கொள்கிறார், நடுவில் ஒரு மணி நேரம்தானே” என்று கேட்கிறார்கள். பாதுகாப்பான பிரயாணமானால் கூடும் என்று இக்கால அறிஞர் சிலர் கூறுவதை நாம் அறிவோம். ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு, அந்தத் தூரத்திற்கு மஹ்ரம் துணை வேண்டும் என்பதே. நாம் இங்கே சுட்டிக்காட்ட விரும்புவது ஒன்றுதான்: மகன் தொழுகையைச் சுருக்கும்போது கிலோமீட்டரைக் காட்டுவதும், மகளை அனுப்பும்போது கடிகாரத்தைக் காட்டுவதும் ஒரே வீட்டில் நடக்கக் கூடாது. படிப்புக்காக அனுப்பும் குடும்பத்தார், அண்ணனே திருச்சிவரை வந்து அழைத்துப்போகும்படி விடுமுறைகளை அமைத்துக்கொள்ளலாம். அதனால் படிப்பு நின்றுவிடாது.

சென்னையில் போய்ச் சேர்ந்தபின் எத்தனை நாள் கஸ்ர்? ஒரே ஊரில் 15 நாள் தங்க நிய்யத் வைத்தால் ஹனஃபிக்குக் கஸ்ர் முடிந்தது. அதற்குக் குறைந்தால் நீடிக்கும். ஷாஃபிஈக்கு, வரும் நாளும் போகும் நாளும் நீங்கலாக நான்கு நாள். ஆகவே குடும்பத்தை அரும்பாவூரில் வைத்துவிட்டுச் சென்னைக் கடையில் வேலை பார்த்து, வாரம் ஒருமுறை ஊர் வந்து போகிறவர் தொடர்ந்து 15 நாள் அங்கே தங்கியதே இல்லையானால், ஹனஃபி முறைப்படி அங்கே கஸ்ர் தொழுவார். ஆறு நாள் தங்கும் ஷாஃபிஈயோ அங்கே முழுமையாகத் தொழுவார். இருவரும் அரும்பாவூர் எல்லைக்குள் நுழைந்துவிட்டால், ஒரே இரவு தங்கினாலும் நான்குதான்.

குடும்பத்தோடு சென்னைக்கே குடிபெயர்ந்து, இனி அங்குதான் வாழ்வு என்று முடிவு செய்தவரின் நிலை வேறு. அரும்பாவூரில் அவருக்கு நிலமும் பூட்டிய வீடும் இருக்கலாம், உறவினர் இருக்கலாம். ஆனாலும் ஹனஃபி சட்டப்படி புதிய வதன் பழைய வதனை நீக்கிவிட்டது. கல்யாணத்திற்கோ மௌத்துக்கோ நான்கு நாள் வந்தால் அவர் இங்கே முஸாஃபிர். தனியே தொழுதால் இரண்டு ரகஅத்தே. பிறந்த ஊரில், தகப்பனார் தொழுத பள்ளியில் இரண்டு ரகஅத்தில் ஸலாம் கொடுப்பது சிலருக்கு மனச்சங்கடமாக இருக்கிறது. ரசூலுல்லாஹி (ஸல்) அவர்கள் தாம் பிறந்து வளர்ந்த மக்காவை வெற்றிகொண்டு தங்கியிருந்தபோது இரண்டு ரகஅத்தே தொழுவித்தார்கள். மக்காவாசிகளிடம், நாங்கள் பிரயாணிகள், நீங்கள் நான்கைப் பூர்த்தி செய்துகொள்ளுங்கள் என்று கூறினார்கள். மனைவி மக்களை இரண்டு ஊரிலும் வைத்து, இரண்டையும் விடாமல் வாழ்கிறவருக்கு மட்டும் இரண்டுமே வதன். அவர் இரு ஊரிலும் முழுமையாகத் தொழுவார், நடுவிலுள்ள வழியில்தான் கஸ்ர்.